நீண்ட இரவுகளில் காடு: குளிர்கால மறைவுக்குடில்

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஸ்காட்லாந்தின் ஏவிமோர் ஊரில் பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் காலை ஒன்பதை நெருங்கும்போதுதான் மீண்டும் தலைகாட்டும். இடையில் பதினேழு மணி நேரத்துக்கும் மேல் இரவு. ஜூன் மாதத்தில் இதே ஊரில் இரவு பத்து மணி ஆனாலும் வெளிச்சம் போகாது. வளை தோண்டி வாழும் கருப்பு வெள்ளை முக விலங்கான பேட்ஜரைப் பார்க்கப் போன குடும்பம் தூங்கி வழியும் குழந்தைகளைச் சுமந்துகொண்டு நள்ளிரவை ஒட்டித்தான் வீடு திரும்பும். குளிர்காலத்தில் மூன்று மணிக்கு, விலங்குகளை மறைந்திருந்து பார்க்கும் குடிலுக்குள் போய் உட்கார்ந்தால், ஏழு மணிக்கு எழுந்து சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம்.

காட்டுயிர் கையேடுகள் பெரும்பாலும் மே முதல் ஜூலை வரையிலான மாதங்களையே பரிந்துரைக்கின்றன. அதில் நியாயம் உண்டு. அப்போது குட்டிகள் வெளியே விளையாடும். பேட்ஜர்கள் வெளிச்சம் இருக்கும்போதே வளையை விட்டு வந்துவிடும். குளிர்காலத்தில் வரவு குறைவு, சில நாள் எதுவுமே வராது. இருந்தும் இந்தப் பருவத்தைத் தவறவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். பிர்ச் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். கோடையில் இடுப்பளவு வளர்ந்து எல்லாவற்றையும் மறைக்கும் ப்ராக்கன் பெரணி பழுத்துச் சாய்ந்து கிடக்கும். காட்டின் உள்பகுதி திறந்து தெரியும். பனி பெய்துவிட்டால் முந்தைய இரவின் நடமாட்டம் முழுவதும் தடமாகத் தரையில் கிடக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலம் இந்த விலங்குகளுக்கு ஆண்டின் மிகக் கடினமான பருவம். இலையுதிர் காலத்தில் உண்டு சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் அவை நாளை ஓட்டுகின்றன. உங்கள் இருமலுக்கு மிரண்டு ஒரு விலங்கு ஓடினால், அந்த ஓட்டத்துக்கான சக்தியை அது அன்றிரவு திரும்பச் சம்பாதிக்க முடியாமல் போகலாம். குளிரின் செலவை நாம் ஏற்க வேண்டும். அதை விலங்கின் தலையில் கட்டக்கூடாது. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனைகளும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதான்.

எந்தக் காடு, எந்த விலங்கு

2003இல் அமைக்கப்பட்ட கெய்ர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்கா 4,528 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பிரிட்டனில் இதைவிடப் பெரிய தேசியப் பூங்கா இல்லை. பழைய கலிடோனியப் பைன் காட்டின் மிச்சங்கள் ராதிமர்கஸ், அபர்நெதி, க்ளென்மோர் பகுதிகளில் இன்னும் நிற்கின்றன. ஸ்காட்ஸ் பைன், பிர்ச், ஜூனிப்பர், அடியில் ஹெதர் புதர். லண்டன் யூஸ்டனில் இரவு படுக்கை ரயில் ஏறினால் காலையில் ஏவிமோரில் இறங்கலாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வழிகாட்டியோடு கட்டணத்துக்கு அழைத்துச் செல்லும் குடில்கள் உண்டு. குளிர்காலத்தில் நடத்துகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லோரும் நடத்துவதில்லை. முதல் முறை போகிறவர்கள் அப்படி ஒரு குடிலில் தொடங்குவதே நல்லது.

முள்ளெலியும் வௌவாலும் இந்தப் பருவத்தில் உறக்கத்தில் இருக்கும். அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். பேட்ஜர் அந்த மாதிரி முழு உறக்கத்தில் ஆழ்வதில்லை. ஆனால் உடல் வெப்பத்தைச் சற்றே குறைத்துக்கொண்டு, கடுங்குளிர் நாட்களில் வெளியே வராமல் வளைக்குள்ளேயே கிடக்கும். மண்புழுதான் அதன் முக்கிய உணவு. தரை உறைந்துவிட்டால் புழு ஆழத்துக்குப் போய்விடும், பேட்ஜருக்கு வெளியே வேலை இல்லை. எனவே நல்ல இரவு எது என்பதற்கு எளிய விதி: உறைபனி இளகி, தரை ஈரமாகி, காற்று அடங்கிய முதல் இரவு. புயல்காற்று வீசும் இரவில் போகாதீர்கள். மரங்களின் இரைச்சலில் எதிரியின் காலடி கேட்காது என்பதால் எந்த விலங்கும் அச்சத்தோடுதான் நடமாடும்.

பைன் மார்ட்டன் வேறு வகை. பூனை அளவு உடம்பு, சாக்லேட் நிறம், கழுத்துக்குக் கீழே பால் வெள்ளையோ இளமஞ்சளோ ஆன மார்புத் திட்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பகலில் திரியும் நீலகிரி மார்ட்டனும் இதுவும் ஒரே பேரினம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைக் காவலர்களின் பொறிகளால் பிரிட்டனின் பெரும்பகுதியில் அற்றுப்போய், ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைப்பகுதியில்தான் முக்கியமாக எஞ்சியிருந்தது. 1988 முதல் முழுச் சட்டப் பாதுகாப்பு கிடைத்து, மெல்ல மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. ஒல்லியான உடம்பு, கொழுப்பு குறைவு. பேட்ஜரைப் போல நாட்கணக்கில் பட்டினி கிடக்க அதனால் ஆகாது. அதனால் கடுங்குளிரிலும் வெளியே வரும், ஆனால் சில மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு மரப்பொந்துக்குத் திரும்பிவிடும்.

ரோ மான்கள் கோடையின் செந்நிறத்தை உதறிச் சாம்பல் பூத்த குளிர்காலக் கம்பளியில் இருக்கும்; பின்புறத்து வெள்ளைத் திட்டு இருட்டிலும் தெரியும். ஆண் ரோ மானுக்கு நவம்பர், டிசம்பரில் கொம்பு விழுந்து, ஜனவரியில் வெல்வெட் போர்த்திய புதுக்கொம்பு வளர்ந்துகொண்டிருக்கும். செம்மான் கூட்டங்கள் மலையிலிருந்து இறங்கிக் காட்டின் ஓரத்துக்கு வரும். நரிகளுக்கு இது இணை சேரும் காலம். ஜனவரி இரவில் பெண் நரி எழுப்பும் அலறல் மனிதக் குரல் போலவே இருக்கும். முதல் முறை கேட்பவர்கள் யாருக்கோ ஆபத்து என்று பதறி எழுந்துவிடுகிறார்கள். குடிலில் எழுந்துவிடாதீர்கள். அது நரிதான்.

இன்னொரு செய்தி, பலருக்குத் தெரியாதது. பேட்ஜர், பைன் மார்ட்டன், ரோ மான் மூன்றுக்கும் ஒரு பொது இயல்பு உண்டு. இணை சேர்ந்த பிறகு கரு உடனே கருப்பையில் பதிவதில்லை. மாதக்கணக்கில் மிதந்தபடி காத்திருக்கும். பேட்ஜருக்கு டிசம்பர் வாக்கிலும், ரோ மானுக்கு ஜனவரியிலும், மார்ட்டனுக்கு குளிர்காலத்தின் பிற்பகுதியிலும்தான் பதியும். பேட்ஜர் குட்டிகள் பெரும்பாலும் பிப்ரவரியில் மண்ணுக்கடியில் பிறக்கின்றன. ஆக, நீங்கள் குடிலின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கும் பெண் விலங்கு, இரை குறைந்த நாட்களில் வயிற்றில் கருவைச் சுமந்துகொண்டு நிற்பதாகவே இருக்கக்கூடும். அதைத் தொந்தரவு செய்யாதிருப்பது நல்லொழுக்கம் என்ற அளவோடு நிற்கும் விஷயம் இல்லை.

பகலில் ஒரு நடை

இரவில் உட்காரப்போகும் இடத்தை நடுப்பகலில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காட்டுப்பாதையில் முள்வேலியோ கம்பிவேலியோ குறுக்கிடும் இடத்தில், அடிக்கம்பியைக் குனிந்து பாருங்கள். பேட்ஜர் நுழைந்து போன இடமானால் விறைப்பான மயிர் இரண்டொன்று சிக்கியிருக்கும். அடியில் வெள்ளை, நடுவில் கருப்புப் பட்டை, நுனியில் மறுபடி வெள்ளை. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள். சீராக உருளாது, இடறி இடறிப் புரளும். அந்த மயிரின் குறுக்கு வெட்டு வட்டம் இல்லை, தட்டையான முட்டை வடிவம். நாய் மயிரோ குதிரை மயிரோ இப்படி இடறாது.

தடங்களில் பேட்ஜருடையது அகலமானது. ஐந்து விரல்களும் ஏறத்தாழ ஒரே வரிசையில், முன்னே நீண்ட நகங்களின் குழிகள். நரிக்கும் நாய்க்கும் நான்கு விரல்தான் பதியும். மார்ட்டன் பனியில் தாவித் தாவிப் போகும், தடங்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து விழும். குளிர்காலத்தில் அதன் உள்ளங்காலில் மயிர் அடர்ந்துவிடுவதால் விரல்கள் தெளிவாகப் பதியாமல் மங்கலாகத் தெரியும்.

வளையில் ஆள் இருக்கிறதா என்பதைக் குளிர்காலம் காட்டிக்கொடுக்கும். பேட்ஜர் வளையின் வாய் உயரத்தைவிட அகலம் அதிகமானது, முன்னே தோண்டிய மண் மேடாகக் குவிந்திருக்கும். உறைபனி விழுந்த காலையில் குடியிருக்கும் வளையிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வெளியேறும். வாய் ஓரத்து வேர்களில் அது படிந்து வெண்மையான பனி ஊசிகளாக உறைந்திருக்கும். தூரத்திலிருந்து பைனாகுலரில் இதைப் பாருங்கள், போதும். வளையின் மேல் நடக்காதீர்கள். உங்கள் காலுக்கு இரண்டடி கீழே குட்டியோடு ஒரு தாய் படுத்திருக்கலாம்.

காற்றும் குடிலும்

விலங்கின் மூக்குதான் உங்களை முதலில் கண்டுபிடிக்கும். வீசும் காற்று விலங்கிடமிருந்து உங்களை நோக்கி வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. குளிர்காலத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு காற்று இருக்கிறது. காற்றே இல்லாத தெளிவான மாலையில், சூரியன் மறைந்ததும் சரிவின் மேலுள்ள காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீரைப் போல மெல்லப் பள்ளத்தை நோக்கி வழியும். அப்போது சரிவுக்கு மேலே உட்கார்ந்திருந்தால் உங்கள் வாசனை நேரே கீழே இருக்கும் வளைக்குப் போகும். அமைதியான குளிர் இரவுகளில் வளைக்குக் கீழ்ப்புறம் இருப்பதே சரி. ஒரு சிட்டிகை அரிசி மாவை விரலிடுக்கிலிருந்து உதிர்த்துப் பாருங்கள். மாவு போகும் பக்கம்தான் உங்கள் வாசனையும் போகும்.

நல்ல குடிலுக்கு மூன்று குணங்கள் போதும்: உள்ளே வெளியைவிட இருட்டு, தரையில் சத்தம் உறிஞ்சும் விரிப்பு, முன்பக்கம் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பதித்த கண்ணாடி. சாய்வு இல்லாவிட்டால் வெளி விளக்கின் ஒளியில் உங்கள் முகமே கண்ணாடியில் தெரியும். குளிர்காலத்துக்கே உரிய தொல்லை, மூச்சுக்காற்று கண்ணாடியில் ஆவியாகப் படிவது. நான்கு பேர் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எதுவும் தெரியாது. மேற்பக்கம் ஒரு காற்றுத் திறப்பு வேண்டும். மூக்கையும் வாயையும் கம்பளித் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்க்கைக் கண்ணாடி அருகே திறக்காதீர்கள். மூடிய குடிலுக்குள் மண்ணெண்ணெய் ஹீட்டரோ கேஸ் அடுப்போ எக்காரணம் கொண்டும் பற்றவைக்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

விளக்கைப் பொறுத்தவரை, இருட்டும் முன்பே ஏற்றிவைத்து இரவு முழுவதும் மாறாமல் எரியும் மங்கலான விளக்குக்கு விலங்குகள் பழகிவிடுகின்றன. நடுவில் திடீரென்று ஏற்றும் விளக்குக்கு அல்ல. கையில் வைத்துக்கொள்ளச் சிவப்பு ஒளி டார்ச் போதும். பேட்ஜரின் கண்ணுக்குச் சிவப்பு அதிகம் எட்டாது. முழுநிலவும் தரையில் பனியும் சேர்ந்த இரவானால் விளக்கே வேண்டாம். தெர்மல் கேமரா வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது சாதாரணக் கண்ணாடி வழியே எதையும் காட்டாது. குடிலின் ஜன்னலில் வைத்தால் கண்ணாடியின் வெப்பத்தைத்தான் காட்டும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல 8x42 பைனாகுலர் வாங்குங்கள், பல ஆண்டு உழைக்கும். தானியங்கிக் கேமராவுக்குச் சாதாரண அல்கலைன் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். லித்தியம் பேட்டரி போடுங்கள்.

உடுத்துவதும் உண்பதும்

நம்மவர்கள் குளிரில் அதிகம் சிரமப்படுவது ஜீன்ஸாலும் பருத்திப் பனியனாலும்தான். நடந்து வரும்போது வேர்த்து, அந்த ஈரத்தைப் பருத்தி பிடித்துவைத்துக்கொண்டு, உட்கார்ந்த அரை மணி நேரத்தில் உடம்பை உறையவைத்துவிடும். உள்ளே கம்பளி, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் கம்பளிக் கோட்டு. நைலான் ஜாக்கெட் கையை அசைத்தாலே சரசரக்கும், வேண்டாம். தலைக்கு மங்கி குல்லாவைவிடச் சிறந்தது இல்லை: காதையும் கழுத்தையும் மூடும், முகத்தின் பளிச்சென்ற பரப்பையும் குறைக்கும். பாதம்தான் முதலில் தோற்கும். ஷூ ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான இரட்டை சாக்ஸ் ரத்த ஓட்டத்தை நிறுத்திக் குளிரைக் கூட்டும். காலுக்கடியில் ஒரு துண்டு யோகா பாய் போட்டுக்கொள்ளுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

வாசனை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். குளிர் என்றதும் நெற்றியிலும் மார்பிலும் தைலம் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். யூகலிப்டஸும் கற்பூரமும் கலந்த அந்த நெடி காட்டுக்குள் வெகுதூரம் போகும். தலைக்கு வாசனை எண்ணெய், டால்கம் பவுடர், சென்ட், துணிக்கு வாசனைச் சோப்பு எதுவும் அன்றைக்கு வேண்டாம். சுக்குக் காப்பியைக் காருக்குள் குடித்துவிட்டு வாருங்கள். குடிலுக்குள் வெறும் வெந்நீர். முறுக்கும் சிப்ஸும் கடிக்கும் சத்தத்துக்கே விலங்கு நின்றுவிடும். எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கூடாது, பிளாஸ்டிக் கவரும் கூடாது. துணியில் சுற்றிய இட்லியோ சப்பாத்திச் சுருளோ ஓசையில்லாமல் சாப்பிடலாம்.

உட்கார்ந்திருத்தல்

சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே உள்ளே போய்விடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒரு முறை செல்போனைத் திறந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மங்கிய ஒளியில் ஒரு பொருளை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். அதற்குச் சற்று ஓரமாகப் பார்வையை வைத்தால் தெரியும். இருட்டில் வேலை செய்யும் விழித்திரைச் செல்கள் நடுப்புள்ளியைச் சுற்றித்தான் நிறைந்திருக்கின்றன.

முதலில் வருவது அநேகமாகக் காட்டு எலி. பெரிய காதும் கருமணிக் கண்ணும் கொண்டு, தீனியாகத் தூவிய கடலையைத் தூக்கிக்கொண்டு வேருக்கடியில் ஓடும். அது சலிப்பில்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தால் நீங்கள் நன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். பேட்ஜர் வரும்போது உடம்பு தெரிவதில்லை. வெள்ளை முகமும் அதில் ஓடும் இரண்டு கருப்புப் பட்டைகளும் மட்டும் தரையை ஒட்டி இருட்டில் நகர்ந்து வரும். சட்டென்று நிற்கும். மூக்கு மேலே உயர்ந்து, இடமும் வலமும் ஆடி, காற்றைத் துழாவும். நீங்கள் மூச்சையும் அடக்க வேண்டிய நேரம் இதுதான். பைனாகுலரைத் தூக்க ஆசைப்படாதீர்கள். அது தலையைத் தாழ்த்தி உண்ணத் தொடங்கி, கடலை நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகு மெல்லத் தூக்கலாம்.

மார்ட்டன் வந்தால் மார்புத் திட்டைக் கவனித்து வரைந்துகொள்ளுங்கள். அந்தத் திட்டின் ஓரக்கோடும் அதிலுள்ள புள்ளிகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு. நாலைந்து மாலைகளில் உங்கள் குடிலுக்கு வருவது ஒன்றா மூன்றா என்று சொல்லிவிடலாம்.

தீனி வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு, ஆனாலும் குளிர்காலத்தில் ஒரு கைப்பிடியைத் தவறென்று சொல்லமாட்டேன். மனிதர் உண்ணும் தரத்திலான உப்பில்லாத வேர்க்கடலையை மட்டும் வாங்குங்கள். பூஞ்சை பிடித்த மலிவுக் கடலையில் அஃப்லாடாக்சின் நஞ்சு இருக்கலாம். தட்டில் கொட்டாமல் கற்களுக்கடியில் தூவுங்கள், தேடி உண்ணட்டும். மார்ட்டனுக்கு ஒரு முட்டை. அதை உடைக்காமல் வாயில் கவ்விக்கொண்டு போய் ஒளித்துவைக்கும் காட்சியே தனி. சாக்லேட்டும் பாலும் பிரட்டும் வேண்டாம். தினமும் வைக்காதீர்கள், உங்கள் பயணம் முடிந்த பிறகும் அவை அங்கே வாழ வேண்டும்.

எழுந்து போகும் நேரத்தை விலங்கு முடிவு செய்யட்டும். ஒரு பேட்ஜர் முன்னால் உண்டுகொண்டிருக்கும்போது குளிர் தாங்காமல் கதவைத் திறந்தால், இதுவரை பொறுத்ததெல்லாம் வீண். ஆனால் உங்களுடன் வந்தவர் நடுங்கிக்கொண்டிருந்து, நடுக்கம் நின்று, பேச்சு குழறினால் அது குளிர் தாக்கியதன் அடையாளம். அப்போது எந்த விலங்கையும் பார்க்க வேண்டாம், உடனே காருக்கு அழைத்துப் போய்ச் சூடேற்றுங்கள். திரும்பும் வழியில் ஏ9 சாலையில் வேகத்தைக் குறையுங்கள். மலையிறங்கிய மான்கள் இரவில் சாலையைக் கடக்கும்.

ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் இரவிலும் நடக்கலாம். குடில் கட்ட நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். இங்கிலாந்தில் நடப்பதற்கே பல இடங்களில் அனுமதி தேவை. எங்கே ஆனாலும் 1992ஆம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி வளையைச் சேதப்படுத்துவதும், வாயை அடைப்பதும், உள்ளே இருக்கும் பேட்ஜரைத் தொந்தரவு செய்வதும் குற்றம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பேட்ஜர்மீது நாய்களை ஏவும் கொடுமையைப் பிரிட்டன் 1835இலேயே தடை செய்தது. இன்றும் திருட்டுத்தனமாக நடக்கிறது. அதைச் செய்பவர்கள் வளை இருக்கும் இடத்தைத் தேடி இணையத்திலும் அலைகிறார்கள். ஆகவே வளையின் இடத்தை எங்கும் எழுதாதீர்கள், படத்தைப் பகிரும் முன் அதிலுள்ள இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். புதிதாக மண்வெட்டியால் தோண்டிய குழியோ, கல் வைத்து அடைத்த வாயோ கண்ணில் பட்டால் எதையும் தொடாமல், படம் எடுத்துக்கொண்டு, 101 எண்ணில் காவல்துறையை அழையுங்கள். அந்த நேரத்தில் அங்கே ஆட்கள் இருந்தால் நெருங்க வேண்டாம். 999 எண்ணை அழையுங்கள்.